செப்ரெம்பர் ரீச்சர்

உலகத்தில் எத்தனையோ பேர் மதத்தைப் பரப்பியிருக்கிறார்கள். ஆனால் ஒரே ஒரு பண்டிகையை இழுத்து விரித்து நாலு மாதத்துக்குப் பரப்பியவர் எனக்குத் தெரிந்து ஒருவர்தான். பெற்றோர் அவருக்கு வைத்த பெயர் மிக நீளமானது. பாதி வழியிலேயே எங்களுக்கு மூச்சு வாங்கும். ஆகவே வட்டுக்கோட்டைப் பக்கத்தில் எங்கள் ஒழுங்கை என்ற குறுந்தெரு முழுவதும் அவரைச் ‘செப்ரெம்பர் ரீச்சர்’ என்றே அழைத்தது.

அவர் வந்த கதையே ஒரு கூத்து. எங்கள் பள்ளிக்கூடத்துக்குக் கனடாவில் ஒரு பழைய மாணவர் இருக்கிறார். இங்கே படித்த காலத்தில் அவரை வகுப்புக்கு வெளியேதான் அதிகம் கண்டிருக்கிறோம். இப்போது கல்வியில் அவருக்கு அக்கறை வந்துவிட்டது. “வெளிநாட்டிலிருந்து ஒரு சங்கீத ரீச்சரை அனுப்புகிறேன். பிள்ளைகளுக்குப் பாட்டும் வரும், இங்கிலீசும் வரும்” என்று அறிவித்தார். வெளிநாடு என்ற சொல்லைக் கேட்டால் எங்கள் ஊர்க் கண்ணுக்கு ஒரு நிறம்தான் தெரியும். யாழ்ப்பாண ஸ்ரேசனுக்கு பள்ளிக்கூட அதிபர் தலைமையில் பட்டாளமாகப் போனோம். மாலை என் கையில்.

ரயிலிலிருந்து வெயிலில் சிவந்து வெந்த ஒரு வெள்ளைக்காரப் பெண், தன்னளவு பையை முதுகில் சுமந்தபடி இறங்கினார். அதிபர் கண்ணைக் காட்டினார். நான் மாலையைப் போட்டேன். அதிபர் இரவெல்லாம் பாடமாக்கிய இங்கிலீசு உரையை ஒரு சொல் விடாமல் ஒப்புவித்தார். இந்த நாட்டு ரயில்வேக்காரர் பயணிகள் எல்லோருக்கும் செய்கிற உபசாரம் இது என்று அந்தப் பெண் நினைத்திருக்க வேண்டும். எங்களோடு நின்று ஒரு படம் எடுத்துக்கொண்டு, ஓட்டோ ஒன்றில் ஏறிப் போய்விட்டார். மாலையும் அவரோடு போய்விட்டது.

பின்னாலிருந்து யாரோ என் தோளைத் தட்டினார்கள். தட்டுவதற்கு அவர் எம்பவேண்டியிருந்தது. குள்ளமாக, மாநிறமாக, முதுகில் ஒரு கிற்றாரோடு ஒரு பெண். நாங்கள் பிடித்திருந்த பதாகையில் இருந்த நீளப் பெயரை விரலால் காட்டி, பிறகு தன் நெஞ்சைக் காட்டினார்.

அதிபர் என் காதுக்குள், “என்ன சேர் இது? எங்கடை ஆக்கள் மாதிரியெல்லோ இருக்கிறா?” என்றார்.

நான் புவியியல் படிப்பிப்பவன். பிலிப்பைன்ஸ் ஆசியாவில்தான் இருக்கிறது என்ற துக்கச் செய்தியை அந்தப் பிளாட்பாரத்தில் வைத்தே அவருக்கு மெல்ல வெளிப்படுத்தினேன். பெற்றோர்கள் சிலர் அதற்குப் பிறகும் நெடுநாள், “வெள்ளைக்காரி எப்ப சேர் வாறா?” என்று கேட்டுக்கொண்டுதான் இருந்தார்கள்.

ரீச்சருக்கு என் வீட்டுக்கு அடுத்த வீட்டில் அறை ஒழுங்காகியது. தமிழ் படிக்க வேண்டுமென்று அவருக்கு ஒரே ஆசை. பள்ளிக்கூடத்தில் தமிழ் படிப்பிக்கக்கூடிய ஆறு பட்டதாரிகள் இருந்தோமென்று பெருமையாகச் சொல்லலாம். ஆனால் எல்லோரும் அவரோடு பேசித் தங்கள் இங்கிலீசைத் திருத்துவதிலேயே குறியாக இருந்தோம். கடைசியில் அவருக்குத் தமிழ் படிப்பித்தது சந்தையில் மீன் விற்கும் றோசாக்காதான். பலன் உடனே தெரிந்தது.

பாட்டு வகுப்பில் ஒரு பிள்ளை நன்றாகப் பாடினால், “உடன் மீன்! உடன் மீன்!” என்று கைதட்டினார். சுருதி விலகினால், “இது ஐஸ் மீன். பழசு. எறி” என்றார். ஒருநாள் கல்வித் திணைக்களத்திலிருந்து பெரிய அதிகாரி ஒருவர் வந்து, வகுப்பு வாசலில் கைகட்டி நின்று பார்த்துக்கொண்டிருந்தார். ரீச்சர் திரும்பி, முகம் முழுக்கச் சிரிப்போடு, “என்ரை ராசா, வாங்கிறதெண்டா வாங்கு. இல்லாட்டித் தள்ளி நில்லு” என்றார்.

அதிகாரி தள்ளி நின்றார். அதிபர் அன்று மத்தியானம் சாப்பிடவில்லை.

இவையெல்லாம் ஓகஸ்ட் மாதத்து நிலவரம். அதுவரை அவர் வெறும் ‘பிலிப்பைன்ஸ் ரீச்சர்’தான்.

செப்ரெம்பர் முதலாந் திகதி காலையில் பல் விளக்கிக்கொண்டு வெளியே வந்தேன். அடுத்த வீட்டு முகப்பில் மூங்கில் சிலாகையிலும் வண்ணக் கடதாசியிலும் செய்த ஒரு பெரிய நட்சத்திரம், உள்ளே பல்ப் எரிய, ஆடிக்கொண்டு நின்றது. கீழே ரீச்சர் கிற்றாரோடு நின்று ‘மெரி கிறிஸ்மஸ்’ என்று கத்தினார். நான் பற்பசையை விழுங்கிவிட்டேன்.

அவர்கள் நாட்டில் செப்ரெம்பர் பிறந்தாலே நத்தார் பிறந்துவிடுமாம். கடை, தெரு, பஸ், வங்கி எங்கும் நத்தார்ப் பாட்டுத்தானாம். எங்கள் ஒழுங்கையில் அந்த மாத நடுவில் புரட்டாதிச் சனி விரதம் தொடங்கியது. சைவக்காரர் கோயிலில் எள்ளெண்ணெய் எரித்துவிட்டு வரும் வழியில், ரீச்சர் குழந்தை யேசுவுக்குத் தாலாட்டுப் பாடிக்கொண்டிருப்பார். அவர்களோ, “பாவம், பிள்ளைக்கு ஏதோ நேர்த்திபோல” என்று போய்விட்டார்கள். கொதித்தது எங்கள் தேவாலயச் சபைக்காரர்தான்.

எங்கள் சபையின் செயலாளர் அரியம் அண்ணை. அமெரிக்க மிசனரிமார் கப்பலேறிப் போகும்போது ஒழுங்கு கட்டுப்பாடு முழுவதையும் அவருடைய பாட்டனாரிடம் ஒப்படைத்துவிட்டுப் போனார்கள் என்பது அவருடைய திடமான நம்பிக்கை. நத்தாருக்கு முந்திய நாலு ஆகமன ஞாயிறுகளும் முடியும்வரை ஒருவரும் நத்தார்ப் பாட்டு முணுமுணுக்கவும் கூடாது என்பது சட்டம். ஆலோசனைச் சபை கூடியது. எங்கள் ஆலோசனைச் சபை கூரை ஒழுகுவதைப் பற்றி முடிவெடுக்க மூன்று மழைக்காலம் எடுத்த சபை. இதற்கு நட்சத்திரம் தொங்கிய அன்று பின்னேரமே கூடிவிட்டது.

“ரீச்சர், ஒண்டு கேக்கிறன். உங்கடை ஊரிலை யேசுநாதர் செப்ரெம்பரிலையோ பிறந்தவர்?” என்றார் அரியம் அண்ணை.

“இல்லை ராசா. டிசம்பரிலைதான்.”

“அப்ப ஏன் இப்ப பாடுறியள்?”

“பிள்ளை பிறக்கப்போகுது எண்டா முதலே தொட்டில் கட்டுறேல்லையோ? நீங்கள் பிள்ளை பிறந்தாப் பிறகுதான் தொட்டில் தேடுவியளோ?”

அரியம் அண்ணை கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு, வீட்டுக்குள் யன்னல்களைச் சாத்திக்கொண்டு பாடலாம் என்று ஒரு தீர்மானம் நிறைவேறியது. ரீச்சர் மிகவும் கீழ்ப்படிவானவர். யன்னல்கள் எல்லாவற்றையும் சாத்தினார். கதவைத் திறந்துவிட்டார்.

இந்த இடத்தில் ரீச்சருடைய புருஷனைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஒரு பெண் தனியாக வந்து குடியிருந்தால் எங்கள் ஊருக்கு இருமல் பிடித்துவிடும். விசயம் தெரியும்வரை நிற்காது. என் மனைவி மலர்தான் ஒரு நாள் கிணற்றடியில் வைத்துக் கேட்டாள்.

“ரீச்சர், உங்கடை மனிசன் எங்கை?”

“கடலிலை” என்றார் ரீச்சர், உடுப்பு அலம்பியபடி.

மலர் வாளியை வைத்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு ஓடிவந்தாள். மத்தியானத்துக்குள் ஒழுங்கைக்குத் தெரிந்துவிட்டது: ரீச்சரின் புருஷன் கடலோடு போய்விட்டார். பாவம், இந்த வயதில். எப்படிச் சிரித்துக்கொண்டு திரிகிறா பார். அன்று முதல் அவரிடம் யாரும் புருஷன் பேச்சை எடுக்கவில்லை. மீன்குழம்பு கொடுத்தனுப்புவதைக்கூட நிறுத்திவிட்டார்கள், கடல் ஞாபகம் வந்துவிடுமென்று. மீனில் உயிர்வாழ்ந்த அந்த மனிசி, தமக்கு ஏன் திடீரென்று கத்தரிக்காய்க் கறியாக வருகிறது என்று தெரியாமல் முழித்திருக்க வேண்டும்.

நவம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, “எங்கடை ஊர் நத்தார்ப் பலகாரம் செய்யிறன். எல்லாரும் வாங்கோ” என்று வீடுவீடாகச் சொன்னார். அதற்கு முதல்நாள் சாவகச்சேரிச் சந்தைக்கு என்னைத் துணைக்கு அழைத்துப்போயிருந்தார். அங்கே இராசவள்ளிக் கிழங்குக் குவியலைக் கண்டதும் ஓடிப்போய் ஒன்றைத் தூக்கி நெஞ்சோடு அணைத்து முத்தம் கொடுத்தார். கடைக்காரர் என்னைப் பார்த்தார். நான் வேறு யாரோ போலப் பக்கத்துக் கடையில் வெங்காயம் பார்த்தேன். அவர்கள் ஊரிலும் அதே ஊதாக் கிழங்குதானாம்.

பலகாரத்துக்குச் சபை திரண்டது. கேக் என்றும், புடிங் என்றும், பன்றித் தொடை என்றும் பலவிதமான நம்பிக்கைகளோடு நல்ல உடுப்பு உடுத்து வந்திருந்தார்கள். ரீச்சர் மூங்கில் குழாயிலிருந்து ஆவி பறக்கத் தள்ளி, தேங்காய்ப்பூவும் சீனியும் தூவி, பெருமையோடு நீட்டினார்.

புட்டு. காலையிலும் இரவிலும் எங்கள் வீடுகளில் அவிகிற அதே குழல் புட்டு. நிறம் மட்டும் ஊதா.

“இதுக்குப் பேர் என்ன ரீச்சர்?” என்று மலர் கேட்டாள்.

“புட்டோ.”

 அரியம் அண்ணை, “இதைத் தின்னவோ நான் காலமை புட்டை வேண்டாமெண்டு போட்டு வந்தனான்?” என்று கேட்டுவிட்டு, மூன்று தரம் வாங்கித் தின்றார்.

டிசம்பர் வந்தது. அடைமழை. பள்ளிக்கூட நத்தார் ஒளிவிழாவுக்கு ரீச்சர் பிள்ளைகளைப் பிழிந்து கொண்டிருந்தார். விழா முடிந்த கையோடு நத்தாருக்கு ஊருக்குப் போகப் பயணம் பதிவு செய்திருந்தார். அப்படியிருக்க ஒருநாள் பாட்டு வகுப்புக்குள்ளிருந்து சத்தமே வரவில்லை. எட்டிப் பார்த்தேன். பிள்ளைகள் வாயைத் திறந்தபடி காத்திருந்தார்கள். ரீச்சர் ஃபோனைப் பார்த்தபடி நின்றார்.

“என்ன ரீச்சர்?”

“புயல். எங்கடை தீவிலை. மனிசனோடை கதைக்கேலாமல் கிடக்கு. ரெண்டு நாள்.”

“ஆரோடை?”

“என்ரை மனிசனோடை.”

“அவர் கடலிலை எல்லோ ரீச்சர்?” என்றேன், குரலைத் தாழ்த்தி, மரியாதையாக.

“இப்ப லீவிலை வீட்டை வந்து நிக்கிறார்.”

கடலில் செத்தவர்களுக்கு லீவு கொடுக்கிற வழக்கம் எந்த வேதாகமத்திலும் இல்லை.  மெல்ல மெல்லக் கேட்டதில்தான் விசயம் வெளித்தது. மனிதர் கப்பலில் சமையற்காரர். வருடத்தில் பாதி கடலில். நத்தாருக்கு மனைவியும் வருகிறா என்று லீவு எடுத்து வந்திருக்கிறார். புயலும் வந்திருக்கிறது. மின்சாரமும் இல்லை, ஃபோனும் இல்லை, விமானங்களும் இல்லை.

வீட்டுக்கு வந்து மலரிடம் சொன்னேன். அவள் பக்கத்து வீட்டுக்குச் சொன்னாள். நான் சொன்னது ஒன்று. ஒழுங்கையின் மறு தொங்கலுக்குப் போய்ச் சேர்ந்தது வேறொன்று. “ரீச்சற்றை மனிசன் இவ்வளவு நாளும் உயிரோடை இருந்தவராம். இப்பதான் செத்தவராம்.”

அன்று பின்னேரம் ரீச்சர் மழைக்கோட்டோடு சைக்கிளில் வந்து திரும்பினார். அவருடைய வீட்டு முற்றத்தில் மழைக்கு மறைப்பாகத் தறப்பாள் கட்டியாயிற்று. சபையிலிருந்து பிளாஸ்ரிக் கதிரைகள் வந்து வரிசையாக இருந்தன. ஆண்கள் கைகட்டி இருந்தார்கள். பெண்கள் வெள்ளைச் சேலை. யாரோ பிளேன் ரீ கொடுத்துக்கொண்டிருந்தார்கள். அரியம் அண்ணை செபப் புத்தகத்தைத் திறந்து வைத்திருந்தார். எங்கள் ஊரில் ஒரு கலியாணத்தை நடத்த ஒரு வருடம் வேண்டும். செத்தவீடென்றால் அரை மணித்தியாலம் போதும். அனுபவம் அப்படி.

ரீச்சர் சைக்கிளைப் பிடித்தபடி கேட்டார்: “ஆர் செத்தது?”

 மலர் ஓடிப்போய்க் கட்டிப்பிடித்து ஓவென்று அழத் தொடங்கினாள். அப்போதுதான் ரீச்சருக்கு விளங்கியது.

“ஆரும் சாகேல்லை!” என்று அவர் கத்திய கத்தலில் மரத்திலிருந்த காகங்கள் எழும்பின. “எழும்புங்கோ எல்லாரும்! உங்கடை கூடையைத் தூக்குங்கோ! இஞ்சை வியாபாரம் இல்லை!” றோசாக்கா படிப்பித்த தமிழ் முழுவதும் வெளியே வந்தது. அதில் சிலவற்றை இந்தப் பத்திரிகையில் போடமுடியாது. அரியம் அண்ணை வாழ்க்கையில் முதல்முறையாகச் சில சொற்களை அன்று கேட்டார்.

திட்டித் தீர்ந்ததும் ஒரு கதிரையில் பொத்தென்று இருந்தார். மழைக்கோட்டைக் கழற்றவுமில்லை. முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார். வந்து இத்தனை மாதத்தில் அவர் அழுது நாங்கள் பார்த்ததில்லை.

அரியம் அண்ணை புத்தகத்தை மூடிவிட்டு, தன் கதிரையை இழுத்துக்கொண்டு போய் அவர் பக்கத்தில் இருந்தார்.

“ரீச்சர், பிழை எங்களிலைதான். எங்களுக்குப் பழகிப்போச்சு. சண்டைக் காலத்திலை என்ரை தம்பியைப் பற்றி ஏழு மாசம் ஒரு செய்தியும் இல்லை. ஊரெல்லாம் வந்து அழுதிட்டுப் போச்சுது. பேந்து பாத்தா அவன் மன்னாரிலை நிண்டு, நாங்கள் செத்துப்போனம் எண்டு அழுதுகொண்டிருந்திருக்கிறான். செய்தி வரேல்லையெண்டா வரேல்லை. அவ்வளவுதான். அதுக்கு வேறை கருத்து இல்லை.”

ரீச்சர் மூக்கைச் சீறினார். “அப்ப ஏன் செபப் புத்தகம் கொண்டு வந்தனீங்கள், ராசா?”

“அது… கைக்கு ஏதாவது வேணுமெல்லோ.”

செத்தவீடு கலைக்கப்பட்டது. ஆனால் சனம் கலையவில்லை. வந்தவர்களுக்கு இனி என்ன செய்வதென்று தெரியவில்லை. விட்டுவிட்டுப் போகவும் மனமில்லை. அழவந்த பெண்கள் அடுப்பு மூட்டினார்கள். மறுநாளும் வந்தார்கள். ரீச்சர் காலையில் பள்ளிக்கூடம் போய்ப் பிள்ளைகளோடு எரிந்து விழுந்து பாட்டுப் பழக்கிவிட்டு வருவார். முற்றத்தில் அவருக்காக ஆட்கள் இருப்பார்கள். இளவட்டங்கள் சிலர் பிலிப்பைன்ஸ் செய்தியைத் தங்கள் ஃபோன்களில் தேடித்தேடிப் படித்தார்கள். அதிபர்கூட வந்து, என்னிடம் அந்தத் தீவு படத்தில் எங்கே இருக்கிறது என்று கேட்டு விரல் வைத்துப் பார்த்தார். கதிரைகளை எடுக்கலாம் என்று யாரும் சொல்லவில்லை.

மூன்றாம் நாள் பின்னேரம் ஃபோன் அடித்தது. யேசு உயிர்த்த மூன்றாம் நாள் என்றால் என்னவென்று எங்கள் சபைக்காரருக்குச் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை.

வீடியோ கோல். ரீச்சர் அவசரமாக எடுத்ததில் ஃபோன் விழப்போனது. மலர் தாங்கிப் பிடித்தாள். திரையில் சேறு படிந்த பெனியனோடு ஒரு தடித்த மனிதர். பல்லெல்லாம் தெரியச் சிரித்தார். அவருக்கு மேலே கூரை இல்லை, சாம்பல் நிற வானம்தான் இருந்தது. ரீச்சர் அவர்கள் பாசையில் என்னவோ சொல்லிச் சொல்லி அழுதார், சிரித்தார், அடித்துவிடுபவர்போலத் திரைக்கு முன்னால் கையை ஓங்கினார். பக்கத்திலிருந்து கிழவி ஒருத்தி எட்டிப் பார்த்தாள். அது மாமியாராம். எல்லோரும் உயிரோடு. கூரையைத்தான் காற்று கொண்டுபோய்விட்டது.

நாங்கள் சும்மா இருப்போமா? ஒழுங்கை முழுவதும் ரீச்சரின் தோளுக்குப் பின்னால் தலைகளை நுழைத்தோம். அந்த மனிதர் திரையில் எங்களைக் கண்டார். தறப்பாள். வரிசைக் கதிரைகள். கண்ணைத் துடைத்துக்கொண்டு நிற்கும் பெரும் சனக்கூட்டம். அவருடைய சிரிப்பு நின்றது. மெல்ல ஏதோ கேட்டார்.

ரீச்சர் எங்கள் பக்கம் திரும்பினார். “ஆர் செத்தது எண்டு கேக்கிறார்.”

“அவர்தான் எண்டு சொல்லுங்கோ” என்றாள் மலர், மூக்கைத் துடைத்தபடி.

ரீச்சர் சொன்னார். அந்த மனிதர் சற்று யோசித்தார். பிறகு கூரையில்லாத அந்த வீடு அதிரச் சிரித்தார். அரியம் அண்ணை முன்னுக்கு வந்து, சேட்டுக் கொலரைச் சரிசெய்து, மிசன் கல்லூரி இங்கிலீசை எடுத்து, “வெல்கம் பாக், சேர்!” என்றார்.

விமானம் நத்தாருக்குப் பிறகுதான் கிடைத்தது. ஆகவே அந்த நத்தாரை ரீச்சர் எங்களோடுதான் கழித்தார். மழைக்குள் லான்ட்மாஸ்ரர் உழவு இயந்திரப் பெட்டியில் ஏறிப் பண்டத்தரிப்பு வரைக்கும் கரோல் பாடிக்கொண்டு போனார். ஒவ்வொரு வீட்டிலும் இறங்கி, யாரும் கேளாமலே, “என்ரை மனிசன் இருக்கிறார்! கூரைதான் இல்லை!” என்று அறிவித்துவிட்டுத்தான் பாடினார். இது கரோலா, வானொலிச் செய்தியா என்று அரியம் அண்ணை முணுமுணுத்தார். முணுமுணுப்புச் சுருதியோடுதான் இருந்தது.

பயணம் சொல்ல வந்த ஒவ்வொருவரும் கையில் ஒரு மடித்த தறப்பாளோடு வந்தார்கள். எங்கள் ஊரில் எந்த வீட்டுப் பரணிலும் இடம்பெயர்ந்த காலத்து நல்ல தறப்பாள் ஒன்று இருக்கும். இனித் தேவை வராது என்று சொல்வோம், ஆனால் எறியமாட்டோம். விமானத்தில் இத்தனை பாரம் கொண்டுபோக முடியாது என்று நான் விளக்கினேன். யாரும் கேட்கவில்லை. ரீச்சர் தன் உடுப்புகளை எல்லாம் எடுத்து மலரிடம் கொடுத்துவிட்டு, பெட்டி நிறையத் தறப்பாள் அடைத்துக்கொண்டு போனார்.

தைமாதம் திரும்பி வருவதாகத்தான் சொன்னார். வீடு கட்டவேண்டியிருந்தது, மாமியாருக்கு முடியாமல் போனது, புருஷன் திரும்பக் கப்பலேறவேண்டியிருந்தது, வரவில்லை. பள்ளிக்கூடத்துக்கு வேறொரு சங்கீத ரீச்சர் வந்துவிட்டார். அமைதியானவர், படித்தவர், டிசம்பரில்தான் நத்தார்ப் பாட்டு எடுக்கிறார். அதிபருக்கு இரத்த அழுத்தம் சீராகியிருக்கிறது.

போன கிழமை செப்ரெம்பர் ரீச்சர் கோல் எடுத்தார். நான் சாப்பிட இருந்த நேரம். அவர் எடுத்தால் எல்லோரையும் பெயர் பெயராக விசாரிக்காமல் வைக்கமாட்டார். சோறு ஆறிப்போனது. கடைசியில் குரலைக் கொஞ்சம் தாழ்த்திக்கொண்டு, “புது ரீச்சர் எப்பிடி, ராசா? நல்லாப் படிப்பிக்கிறாவோ?” என்று கேட்டார்.

அந்தப் பிள்ளை மிக நன்றாகத்தான் படிப்பிக்கிறது.

“சரியில்லை ரீச்சர்” என்றேன்.